கை நடுங்கிய டாக்டர்

அமெரிக்காவில் ஆக்ரான் என்று ஒரு நகரம். டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ராபர்ட் ஸ்மித் என்று ஒரு டாக்டர் இருந்தார். எல்லோரும் அவரை டாக்டர் பாப் என்றே கூப்பிட்டார்கள். ஆபரேஷன் செய்வதில் கெட்டிக்காரர். ஆனால், காலையில் எழுந்தால் அவர் கை நடுங்கும்.

கத்தி பிடிக்க வேண்டிய கை!

நடுக்கத்தை அடக்க மருந்து விழுங்குவார். மாலை 4 மணி வரை குடிக்க மாட்டார். வேலை செய்தால்தானே காசு? காசு இருந்தால்தானே புட்டி? இரவில் குடி, காலையில் நடுக்கம், மறுபடியும் மருந்து. இப்படியே 17 ஆண்டுகள் ஓடின.

வெற்றுத் தாள்

டாக்டர் பாப் 1879-ல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை நீதிபதி. வீட்டில் கண்டிப்பு அதிகம். கல்லூரிக்குப் போனதும் கட்டு அறுந்தது. பையன் குடிக்கத் தொடங்கினான். மருத்துவப் படிப்பின் கடைசிப் பரீட்சையில் பென்சிலைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. எழுதாத வெற்றுத் தாளையே கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். பிறகு குடிக்காமல் இருந்து, திரும்பப் படித்து, 1910-ல் டாக்டர் ஆனார். 1915-ல் ஆனி என்ற பெண்ணை மணந்தார். பல ஆண்டுகள் காத்திருந்து கைப்பிடித்தவர் ஆனி.

1920-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. இனி ஊரில் சரக்கே இருக்காது, பிறகென்ன பயம் என்று டாக்டர் நினைத்தார். ஆனால் மருந்துக்காக டாக்டர்கள் மது வாங்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. டாக்டர் பாப் டெலிபோன் புத்தகத்தைத் திறப்பார். கண்ணில் பட்ட பெயருக்கு ஒரு சீட்டு எழுதுவார். நோயாளி யாரோ, குடிப்பவர் இவர்!

வீட்டில் மனைவி தேடுவாரே? கரித்தொட்டியில் ஒளித்தார். கதவு நிலைக்கு மேலே ஒளித்தார். சின்னப் புட்டிகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். ஒரு நாள் கணவனும் மனைவியும் சினிமாவுக்குப் போனார்கள். படத்தில் வரும் குடிகாரன் அதே தந்திரத்தைச் செய்தான்! அன்றோடு காலுறை வித்தை முடிந்தது. இந்த மூளையைத் தொழிலில் காட்டியிருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார்.

கடன் ஏறியது. நோயாளிகள் குறைந்தார்கள். மகனும் வளர்ப்பு மகளும் அப்பாவின் தள்ளாட்டத்தைப் பார்த்தே வளர்ந்தார்கள். குடியை விட அவர் முயலவில்லையா? முயன்றார். ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். ஒரு பிரார்த்தனைக் குழுவில் சேர்ந்து இரண்டரை ஆண்டுகள் ஜெபித்தார். குடி மட்டும் போகவில்லை.

கால் மணி நேரம்

1935 மே மாதம். நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்பவர் ஆக்ரானுக்கு வந்தார். பங்கு வியாபாரி. குடித்துக் குடித்துச் சீரழிந்து, ஐந்து மாதம் முன்புதான் குடியை விட்டவர். வந்த காரியம் தோற்றது. கையில் பணம் இல்லை. ஓட்டலில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கடை. உள்ளே சிரிப்பும் பேச்சும். அவருக்குப் பயம் பிடித்தது. அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் பல குடிகாரர்களிடம் அவர் பேசிப் பார்த்திருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் பேசிய பில் மட்டும் குடிக்காமல் இருந்தார்!

உடனே டெலிபோனை எடுத்தார். முதலில் ஒரு பாதிரியார். அவர் மூலம் இன்னும் சிலர். கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். டாக்டர் பாப் போன அதே பிரார்த்தனைக் குழுவைச் சேர்ந்தவர் அவர். ஆனியிடம் பேசினார். அன்று டாக்டரால் வர முடியவில்லை. அன்னையர் தினத்துக்காக மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தவர், போதையில் மேசைக்கு அடியில் கிடந்தார்.

மறுநாள், மே 12, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு வந்தார். கை நடுங்கியது. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தார்.

திரும்பியபோது இரவு 11 மணி தாண்டிவிட்டது!

பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார். உங்களைத் திருத்த வரவில்லை, நான் பிழைப்பதற்கு நீங்கள் வேண்டும் என்று புரியவைத்தார். அதுவரை டாக்டருக்கு உபதேசம் செய்தவர்களுக்குக் குடியின் வேதனை தெரியாது. இவருக்குத் தெரியும்.

கடைசிப் புட்டி

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. சில வாரங்களில் டாக்டர் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார். ரயில் ஏறியதும் குடித்தார். நினைவு தப்பி வீடு திரும்பினார். பில் அப்போது அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். அவரும் ஆனியும் டாக்டரைத் தேற்றினார்கள். அடுத்து ஓர் ஆபரேஷன் காத்திருந்தது. கை நிலைக்கப் பில் ஒரு புட்டி பீர் கொடுத்து அனுப்பினார்.

ஆபரேஷன் முடிந்தும் டாக்டர் வரவில்லை. மணி மேல் மணி ஆயிற்று. எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று வீட்டில் தவித்தார்கள். அவரோ கடன்காரர்கள் வீட்டுக்கும், தன்னால் மனம் நொந்தவர்கள் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த பீர்தான் அவர் கடைசியாகக் குடித்தது. அந்த நாளை ஜூன் 10 என்று கணக்கிட்டு, அதையே தங்கள் சங்கம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆசை உடனே போய்விடவில்லை. இரண்டரை ஆண்டுகள் நாக்கு கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டபோதெல்லாம் டாக்டர் இன்னொரு குடிகாரரைத் தேடிப் போனார். முதலில் கிடைத்தவர் ஒரு வக்கீல். நர்சுகளை அடித்ததால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டிப் போடப்பட்டிருந்தார். பாபும் பில்லும் அவர் கட்டில் அருகே உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். வக்கீல் அதன் பிறகு குடிக்கவே இல்லை.

குடிகாரர் என்றால் ஆஸ்பத்திரிகளே கதவைச் சாத்திய காலம் அது. 1939-ல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீ துணிந்தார். வயிற்று நோய் என்று எழுதி ஒரு குடிகாரரைச் சேர்த்தார். பூக்களை அடுக்கிவைக்கும் சிறு அறையில் அவருக்குக் கட்டில் போட்டார். அதன் பிறகு பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 பேரை அங்கே டாக்டர் கவனித்தார். ஒருவரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. குடியை விட்டவர்கள் வந்து புதியவர்களுடன் பேசுவார்கள்.

சங்கத்தின் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயர் சொல்லாத குடிகாரர்கள் என்று பொருள். இன்று நம் சென்னையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

ஆனி 1949-ல் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 16-ல் டாக்டரும் புற்றுநோயால் இறந்தார். அவருக்குப் பெரிய நினைவு மண்டபம் கட்ட நண்பர்கள் விரும்பினார்கள். மற்றவர்களைப் போலவே எங்களையும் புதைத்தால் போதும் என்று டாக்டர் மறுத்துவிட்டார். ஆக்ரானில் இருவருக்கும் சாதாரணக் கல்லறைதான். அந்தக் கல்லில் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.