பீலிக்ஸ் வாங்கெல் (1902 – 1988)

சுழல் எஞ்சினை உருவாக்கிய பீலிக்ஸ் வாங்கெல் 1902 இல் ஜேர்மனியின் லார் நகரிற் பிறந்தார். முதலாம் உலகப் போரில் தந்தையை இழந்த இவர் பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை. சுழல் எஞ்சின் தொடர்பான முதற் காப்புரிமையை 1929 இல் பெற்றார். நாசி ஆட்சியின்போது விமான எஞ்சின் ஆய்வில் ஈடுபட்ட இவர், 1945 இல் பிரெஞ்சுப் படையினராற் சிறைவைக்கப்பட்டார்.

முன்னும் பின்னும் அசையும் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலியைக் கொண்ட இவரது எஞ்சின் 1957 இல் முதன்முதலில் இயங்கியது. சுழலியின் மூன்று முனைகளிலும் வாயு கசியாது அடைப்பதே பெருஞ்சிக்கலாயிருந்தது. மாஸ்டா நிறுவனம் அதற்குத் தீர்வு கண்டு 1967 இல் சுழல் எஞ்சின் காரை விற்பனைக்கு விட்டது. அசையும் பாகங்கள் குறைவு, அதிர்வும் குறைவு. எனவே சிலர் பழைய மாஸ்டா எஞ்சின்களைப் பிரித்து, முனை அடைப்புகளை மாற்றி, தாமே கட்டிய சிறு விமானங்களிற் பொருத்துகின்றனர். வாங்கெல் 1988 இல் ஹைடல்பேர்க்கில் காலமானார்.