தளரா உள்ளம்

சேலம் நகரின் வடபால் சேர்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அதன்மீது ஏற்காடு என்னும் எழில்மிகு ஊர் அமைந்துள்ளது. அம்மலையை நோக்கிச் செல்லும் சாலையில், டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையம் முன்னாளில் புகழுடன் விளங்கிற்று. ‘மந்திரி குமாரி’ 1950-லும், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-லும் அந்நிலையத்தின் படைப்புகளாக வெளிவந்தன. அவ்விரண்டிலும் கதைத்தலைவராக நடித்தவர் எம். ஜி. இராமச்சந்திரன்.

அவர் 1917-ஆம் ஆண்டு இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னை சத்தியபாமா கும்பகோணத்தில் குடியேறி, வறுமையோடு போராடித் தம் மக்களை வளர்த்தார். பள்ளிப் படிப்பைத் தொடர இயலாத சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1936-இல் திரையுலகில் அடியெடுத்து வைத்தார். பின்னர்த் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்து அரசியல் தொண்டிலும் ஈடுபட்டார். மேடையிலும் திரையிலும் அவருடைய பெருஞ்செல்வமாக விளங்கியது கணீரென்ற குரலே.

அச்செல்வத்திற்கு ஒருநாள் பேரிடர் நேர்ந்தது. 1967 சனவரி 12 அன்று, சென்னை இராமாவரம் இல்லத்தில் அவரைக் காண வந்த நடிகர் எம். ஆர். இராதா துப்பாக்கியால் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. இராதாவும் குண்டுக் காயம் உற்றார். பின்னர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. செய்தி பரவியதும் மக்கள் மருத்துவமனையின் முன் திரண்டு கண்கலங்கி நின்றனர்.

மருத்துவர்களின் அரிய முயற்சியால் இராமச்சந்திரன் உயிர் பிழைத்தார். எனினும் பழைய குரல் திரும்பவில்லை. சொற்கள் தெளிவின்றிக் குழறின. பொதுத்தேர்தலோ அண்மித்திருந்தது. பரங்கிமலைத் தொகுதியின் வேட்பாளராகிய அவர், வாக்குக் கேட்க ஊர்தோறும் செல்ல இயலாமல் படுக்கையில் கிடந்தார். கழுத்தில் கட்டுடன் அவர் தோன்றும் படம் தாங்கிய சுவரொட்டிகளே அவருக்காகப் பேசின. மக்கள் அவரைப் பெருவெற்றி பெறச் செய்தனர்.

குரல் கெட்ட நடிகர் இனி என் செய்வார் எனப் பலர் ஐயுற்றனர். பிறர் குரலை இரவல் பெற அவர் உடன்படவில்லை. விடாமுயற்சியுடன் பேசிப் பழகினார். அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் மாறிய தம் குரலிலேயே பேசினார். மக்கள் அக்குரலை வெறுக்கவில்லை. முன்னிலும் மிகுந்த அன்புடன் ஏற்றனர். 1971-இல் வெளிவந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ அவருக்கு நாட்டின் சிறந்த நடிகர் என்னும் விருதினை ஈட்டித் தந்தது.

1972-இல் தனிக்கட்சி கண்ட அவர், 1977-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். இளமையில் பசியின் கொடுமையை நேரில் அறிந்தவர் ஆதலின், 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். 1984-இல் கடும்நோய் மீண்டும் அவர் பேச்சைத் தாக்கியது. அப்போதும் அவர் பொதுப்பணியைக் கைவிட்டாரல்லர். 1987 திசம்பர் 24-இல் மறையும் வரை முதலமைச்சராகவே விளங்கினார். மறுஆண்டில் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

இடையூறு நேர்வது மனிதர் எவர்க்கும் இயல்பு. இழந்ததை எண்ணி ஏங்காமல், எஞ்சியதைக் கொண்டு உழைப்பவரே உயர்வர். இராமச்சந்திரனின் வாழ்வு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.