வாக்கர் அம்மையாரும் கறுப்பு நிறமும்

அமெரிக்க தேசத்தில் அடிமை முறையானது 1865-ஆம் வருஷத்தில் சட்டத்தினால் ஒழிந்தது. ஆயினும் அடிமை வாழ்வு மனத்தில் பதித்துச் சென்ற தழும்புகளை அழிக்கச் சட்டத்துக்குச் சக்தி போதவில்லை. எஜமானர்களின் பண்ணைகளில் சற்று வெளுத்த மேனியுடையோர் பலர் வீட்டுக்குள் ஏவல் செய்தனர். கறுத்தோர் பெரும்பாலும் வெயிலில் பருத்தி எடுத்தனர். அந்த வெளுப்பில் பெரும்பகுதி எஜமானர்கள் அடிமைப் பெண்களுக்கு இழைத்த அக்கிரமத்தின் அடையாளம். அப்படியிருந்தும், விடுதலைக்குப் பின் அதுவே ஒரு கௌரவமாயிற்று. கறுப்பு மக்கள் தமக்குள்ளேயே நிறத்தால் உயர்வு தாழ்வு வகுத்துக்கொண்டனர். அதன் பாரம் முழுதும் பெண்களின் தலைமேல் விழுந்தது. அவர்களுடைய சொந்தப் பத்திரிகைகளிலேயே சருமத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளின் விளம்பரங்கள் மலிந்தன. நானி ஹெலன் பரோஸ் என்னும் மாதரசி 1904-இல் எழுதிய ஒரு கட்டுரையில், குணத்தை விட்டு நிறத்தை நாடும் இம்மயக்கத்தை வன்மையாகக் கண்டித்தார். அக்காலத்தில் அழகுப் பொருள் வியாபாரத்தில் புகுந்து பெரும் பொருள் ஈட்டியவர் வாக்கர் அம்மையார். அவருடைய சரித்திரத்தை நாம் சற்று ஆராய்வோம்.

அவரது இயற்பெயர் ஸாரா பிரீட்லவ். லூயிஸியானா மாகாணத்து டெல்டா என்னும் ஊரில் 1867 டிசம்பர் 23-ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் அடிமைகளாயிருந்தவர்கள், அக்குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதற் குழந்தை இவரே. ஏழு வயதில் அநாதையானார். பதினான்கில் மணம் புரிந்தார். இருபது வயதளவில் சிறு குழந்தையோடு விதவையானார். பின்பு ஸெயின்ட் லூயிஸ் நகரம் சென்று பல்லாண்டு பிறர் துணி வெளுத்து ஜீவித்தார். சலவை நீராவியும் வறுமையும் சேர்ந்த வாழ்வில் அவர் தலைமயிர் உதிரத் தொடங்கிற்று. அக்குறையே அவரைத் தைலத் தொழிலுக்கு இழுத்தது. ஆனி டர்ன்போ என்னும் மற்றொரு கறுப்பு மாதின் பொருள்களை முதலில் விற்றார். 1905-இல் டென்வர் நகரம் சேர்ந்தார். 1906-இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, அப்பெயராலேயே சொந்தத் தொழிலை நடத்தினார். 1910-இல் இண்டியானாபோலிஸ் நகரில் அவருடைய தொழிற்சாலை எழுந்தது. வீட்டு வேலையும் சலவையுமே கதியாயிருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய ஏஜெண்டுகளாகித் தம் காலில் நின்றனர்.

அவர்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. சூடான சீப்பும் தைலமும் கொண்டு சுருள் மயிரை நீட்டி, கறுப்புப் பெண்களை வெள்ளைப் பெண்களைப் போலாக்கப் பார்த்தார் என்பதே அது. புக்கர் வாஷிங்டன் போன்ற தலைவர்களும் இத்தொழிலை ஐயத்துடனே நோக்கினர். 1912-இல் சிகாகோவில் கூடிய வர்த்தகர் மகாநாட்டில் அம்மையாருக்குப் பேச இடமளிக்கவில்லை. அவர் தாமாகவே எழுந்து தம் வரலாற்றைக் கூறினார். மறுவருஷம் அதே மகாநாடு அவரை அழைத்துப் பேசச் செய்தது.

குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லோம். நீண்ட மயிரே அழகு என்ற எண்ணத்துக்கு அவருடைய தொழில் இடங்கொடுத்தது. ஆனால் எதிர்வாதமும் வலுவானது. மயிரை நீட்டுபவர் என்ற பட்டத்தை அவர் ஏற்கவில்லை. மயிரை வளர்ப்பதும் தலையைப் பேணுவதுமே தம் வேலை என்றார். சருமத்தை வெளுக்கும் சரக்கைத் தம் ஆயுளில் அவர் விற்கவில்லை. அதில் லாபம் கொழித்ததை அவர் அறியாதவரல்லர். தமது டப்பாக்களின்மீது தமது கறுத்த முகத்தையே அச்சிட்டார். கறுப்புப் பெண் தன் நிறத்தோடே மதிப்பாய் நிற்கலாம் என்பதற்கு அப்படமே சாட்சி.

ஈட்டிய பொருளை அவர் தம் மக்களுக்கும் செலவிட்டார். விசாரணையின்றிக் கறுப்பரைக் கும்பல்கள் கொல்வதை எதிர்த்து, 1917-இல் ஹார்லெம் தலைவர்களுடன் வெள்ளை மாளிகைக்கு மனுக் கொண்டு சென்றார்; ஜனாதிபதி வில்ஸன் அவர்களைச் சந்திக்கவில்லை. 1919-இல் அக்கிளர்ச்சிக்கு 5,000 டாலர் வாக்களித்தார். அவ்வருஷம் மே 25-ஆம் தேதி, ஐம்பத்தோராம் வயதில், ஹட்ஸன் நதிக்கரையில் தாம் கட்டிய மாளிகையில் காலமானார்.

வருந்தத்தக்க செய்தி இனித்தான் வருகிறது. அவர் மறைந்த சில ஆண்டுகளில், அவர் பெயர் தாங்கிய ஸ்தாபனமே சருமத்தை வெளுக்கும் களிம்பை விற்கலாயிற்று. வாங்குவோர் காத்திருந்தனர், தடுத்து நின்ற ஒருவர் போய்விட்டார். பாதரஸம் கலந்த அத்தகைய களிம்புகள் சருமத்தையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை என்று வைத்தியம் தெளிவாகக் கண்டபின்னும், ஆப்பிரிக்காவிலும் பிற தேசங்களிலும் இன்றும் அவை விலைபோகின்றன.

ஒரு வியாபாரியின் மனச்சாட்சி அவருடைய ஆயுளளவே காக்கும். அதன்பின் காக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளோர். பெண் குழந்தை பிறந்ததும் முதலில் நிறத்தை விசாரிக்கும் வழக்கம் எந்த வீட்டில் ஒழிகிறதோ, அந்த வீட்டில் அக்களிம்புக்கு வேலையில்லை.