காட்டு மரங்களைக் கணக்கெடுக்கப் புறப்பட்ட ஜானகி அம்மாள்

பெண் விஞ்ஞானி என்றதும் மேரி கியூரி அம்மையாரைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். பாக்கு நீரிணைக்கு அப்பால், நமக்கு மிக அருகில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி நம்மிற் பலர் பாடசாலையை விட்டு வந்த பின்னரே அறிந்தோம்.

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி தலச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். தந்தையார் ஓர் உப நீதிபதி. வீடு நிறையப் பிள்ளைகள். சகோதரிகள் மணம் முடித்துப் போக, இவர் படிப்பையே தேர்ந்துகொண்டார். கொன்வென்ற் பாடசாலை, பின் சென்னையில் இராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி; சில காலம் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி. புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் கரும்புக்கும் அதன் உறவான புல்லினங்களுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்தார். ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணலும் கரும்பின் இனமே. காட்டில் உள்ளதை அழித்தால் வயலில் உள்ளதும் ஒருநாள் நலியும் என்பது அவருக்கு ஆய்வுகூடத்திலேயே தெரிந்த விடயம். யுத்த காலத்தை இங்கிலாந்தில் கழித்து, டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் நிறமூர்த்தங்களைப் பற்றிய பெருநூலை 1945இல் வெளியிட்டார். நேருவின் அழைப்பில் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைத்தார்.

ஒருமுறை அரிய மக்னோலியா மரமொன்றைத் தேடி ஷில்லொங்கிலிருந்து 37 மைல் சென்றார். அசாமின் அந்தப் பகுதியில் அவ்வினத்தில் அது ஒன்றுதான் இருந்தது. போய்ப் பார்த்தால் மரம் எரிந்து கிடந்தது. அத்தனை பட்டம் பதவிகளையும்விட இந்தப் பயணமே அவரைச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

1970களில் கேரளத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழை ஆற்றை மறித்து நீர்மின் அணை கட்ட ஏற்பாடாயிற்று. ஏறத்தாழ 8.3 சதுர கிலோமீற்றர் மழைக்காடு நீரில் மூழ்கும். சிங்கவால் குரங்கின் உறைவிடமும் அதுவே. கவிஞர்களும் ஆசிரியர்களும் எதிர்த்து எழுந்தார்கள். எண்பது வயதை எட்டியிருந்த ஜானகி அம்மாளும் அவர்களோடு நின்று, அக்காட்டு மரங்களின் நிறமூர்த்தங்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இறங்கினார். அழியப்போவது இன்னதென்று யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

கொழும்பின் வடக்கே முத்துராஜவெலச் சதுப்பின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமானபோதும், அங்கு வாழ்வன எவையென்று முன்கூட்டியே பதிந்துவைத்தவர்களின் உழைப்பு பயன்பட்டது. நீர்கொழும்பு வீதியில் போகும்போது நாம் அதைப் பாராமலே கடந்துவிடுகிறோம்.

இறுதிக் காலத்தில் சென்னையின் ஓரத்தில், மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழகக் கள ஆய்வுகூடமே அவருக்கு வீடும் வேலைத்தலமும். 1984 பெப்ரவரியில், 86ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.