மொழியைப் படைத்தவர்: ஜே. ஆர். ஆர். டொல்கின்

முன்னுரை

ஒரு மொழியை இன்னார்தான் உண்டாக்கினார் என்று நாம் கூறுவதில்லை. மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி மொழியை வளர்க்கின்றனர். இலக்கண ஆசிரியர் பின்னர் வந்து அதன் விதிகளை வகுக்கின்றார். ஆனால் தனி ஒரு மனிதர் பல மொழிகளைத் தாமே உண்டாக்கி, அவற்றுக்கு ஒலியும் இலக்கணமும் எழுத்தும் வகுத்து, அவற்றைப் பேசும் மக்களுக்குரிய பழங்கதைகளையும் எழுதிவைத்தார். அவரே ஜோன் ரொனால்ட் ரூவல் டொல்கின் ஆவார்.

2001 முதல் 2003 வரை வெளிவந்த ‘த லோர்ட் ஒப் த ரிங்ஸ்’ திரைப்படங்களை மாணவர்களிற் சிலர் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மூலக்கதையை எழுதியவர் இவர். கதைக்கு அழகு சேர்ப்பதற்காகவே இவர் மொழிகளைப் படைத்தார் எனப் பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. மொழியே முதலில் வந்தது. அம்மொழி வாழ்வதற்கு ஒரு மக்களும் அவர்களுக்கு ஒரு வரலாறும் வேண்டியிருந்தன. அதனாற் கதை பின்னர் வந்தது.

பிறப்பும் இளமையும்

டொல்கின் 1892 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் திகதி, இன்று தென்னாபிரிக்காவில் உள்ள புளூம்பொன்டெயின் நகரிற் பிறந்தார். தந்தையார் ஆதர் ஆங்கில வங்கியொன்றின் முகாமையாளராக அங்கு பணியாற்றினார். 1895 இல் தாயார் மேபல் தம் இரு ஆண்பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது, அடுத்த ஆண்டு தந்தையார் தென்னாபிரிக்காவிலேயே நோயுற்று இறந்தார். குடும்பம் பேர்மிங்காம் நகருக்கு அண்மையிலுள்ள சேர்ஹோல் என்னும் சிற்றூரிற் குடியேறியது.

மேபலே பிள்ளைகளின் முதல் ஆசிரியர். இலத்தீன் மொழியை மூத்த மகனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. 1900 இல் அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியதால் உறவினரின் பண உதவி நின்றுபோயிற்று. 1904 இல் நீரிழிவு நோயால் இறந்தபோது அவருக்கு வயது 34. அந்நோய்க்கு மருந்தான இன்சுலின் 1921 இலேயே கண்டறியப்பட்டது. பன்னிரண்டு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்த டொல்கினையும் தம்பியையும் அருட்தந்தை பிரான்சிஸ் மோர்கன் பாதுகாவலராகப் பொறுப்பேற்று வளர்த்தார்.

மொழி மீதான ஆர்வம்

குடும்பம் சில காலம் பேர்மிங்காமில் ஒரு புகையிரத நிலையத்தின் பின்புறமுள்ள வீட்டில் வாழ்ந்தது. வேல்ஸ் நாட்டிலிருந்து வரும் நிலக்கரிப் பெட்டிகளில் எழுதப்பட்டிருந்த ஊர்ப்பெயர்களைச் சிறுவன் டொல்கின் பார்த்துக்கொண்டு நிற்பான். பொருள் விளங்காத அச்சொற்களின் ஓசை அவன் மனதிற் பதிந்தது.

அக்காலத்தில் அவனுடைய தாயாரின் சகோதரியின் பெண்பிள்ளைகள் விலங்குகளின் பெயர்களைக் கொண்டு ஓர் இரகசிய மொழியை அமைத்து விளையாடினர். டொல்கினும் அதிற் சேர்ந்துகொண்டான். பின்னர் அவர்களுள் ஒருத்தியுடன் சேர்ந்து ‘நெவ்பொஷ்’ என்னும் புதிய மொழியை ஆக்கினான். எல்லாச் சிறுவரும் விளையாடும் விளையாட்டுத்தான் இது. மற்றவர்கள் வளர்ந்ததும் அதை விட்டுவிட்டனர், டொல்கின் விடவில்லை.

பாடசாலையில் கிரேக்கம், இலத்தீன் என்பவற்றுடன் பழைய ஆங்கிலத்தையும் கற்றார். வழக்கொழிந்த கோதிக் மொழியின் இலக்கண நூலொன்று கைக்குக் கிடைத்தபோது, அம்மொழியில் அழிந்துபோன சொற்கள் எவ்வாறு இருந்திருக்கலாம் எனக் கணித்துப் புதிய சொற்களை ஆக்கிப் பார்த்தார்.

பரீட்சைகளும் தடைகளும்

டொல்கின் எல்லாப் பரீட்சையிலும் முதல்வராக வந்தவர் அல்லர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக உதவித்தொகைக்காக 1909 இல் எழுதிய பரீட்சையில் அவர் வெற்றிபெறவில்லை. 1910 டிசெம்பரில் மீண்டும் எழுதி உதவித்தொகை பெற்று, 1911 இல் எக்ஸிற்றர் கல்லூரியிற் சேர்ந்தார்.

இதற்கிடையில் எடித் என்னும் பெண்ணை அவர் விரும்பினார். படிப்புக் கெடும் என அஞ்சிய அருட்தந்தை, 21 வயது நிறையும் வரை அவரைச் சந்திக்கவோ கடிதம் எழுதவோ கூடாது எனத் தடைவிதித்தார். தம்மை வளர்த்தவரின் சொல்லை டொல்கின் மீறவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 21 வயது நிறைந்த அன்றே எடித்துக்குக் கடிதம் எழுதினார். எடித்துக்கு அப்போது வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதை அவர் கைவிட்டார். 1916 மார்ச் மாதம் இருவரும் திருமணம் செய்தனர்.

பல்கலைக்கழகத்தில் 1913 இல் நடந்த பரீட்சையில் அவருக்கு இரண்டாம் வகுப்பே கிடைத்தது. பாடநூல்களை ஒதுக்கிவிட்டுப் பின்லாந்து மொழியின் இலக்கணத்தில் மூழ்கியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் ஒப்பியல் மொழியியல் வினாத்தாளில் மிக உயர்ந்த பெறுபேறு பெற்றார். தம் வழி எது என்று உணர்ந்து ஆங்கில மொழித் துறைக்கு மாறி, 1915 இல் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார்.

பின்லாந்து காட்டிய வழி

பின்லாந்தின் நாட்டுப்புற மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களை எலியாஸ் லொன்ரொட் என்னும் மருத்துவர் ஊரூராகச் சென்று திரட்டி, 1835 இல் ‘கலேவலா’ என்னும் காவியமாக வெளியிட்டார். அதனைப் படித்த டொல்கினுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மொழியும் அம்மொழியின் பழங்கதைகளும் ஒன்றாகவே வளர்கின்றன என்பதே அது. இத்தகைய கதைச்செல்வம் இங்கிலாந்துக்கு எஞ்சவில்லையே என அவர் வருந்தினார்.

பின்லாந்து மொழியின் ஓசையைப் பின்பற்றி, 1915 அளவில் ‘குவென்யா’ என்னும் மொழிக்குச் சொற்பட்டியல் எழுதத் தொடங்கினார்.

போரும் இழப்பும்

முதலாம் உலகப் போரில் டொல்கின் சமிக்ஞை அதிகாரியாக 1916 இல் பிரான்ஸ் சென்று, சொம் ஆற்றங்கரைப் போரிற் பங்குபற்றினார். பாடசாலைக் காலத்தில் அவரும் மூன்று நெருங்கிய நண்பர்களும் பெரிய படைப்புகளைச் செய்வோம் எனக் கனவு கண்டிருந்தனர். அவர்களுள் றொபேர்ட் கில்சன் அப்போரின் முதல் நாளாகிய யூலை 1 ஆம் திகதி கொல்லப்பட்டார். ஜெப்ரி ஸ்மித் காயமடைந்து டிசெம்பரில் இறந்தார். ஸ்மித் முன்னரே டொல்கினுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தாம் இறக்க நேர்ந்தால், தாம் சொல்ல விரும்பியவற்றை டொல்கினேனும் சொல்லவேண்டும் என்பதே அதன் சாரம்.

பேன்களாற் பரவும் அகழிக் காய்ச்சல் என்னும் நோய் டொல்கினைத் தொற்றியது. 1916 நவம்பரில் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். நோயிலிருந்து தேறிவந்த மாதங்களில், தம் மொழிகளைப் பேசும் மக்களின் கதைகளை எழுதத் தொடங்கினார். எதிரியால் அழிக்கப்பட்ட கொண்டொலின் என்னும் மறைநகரின் கதை அவற்றுள் முதன்மையானது. நண்பர்களை இழந்த இளைஞர் ஒருவர் அழிந்த நகரைப் பாடியது தற்செயலன்று எனலாம்.

அவர் படைத்த மொழிகள்

டொல்கினின் மொழிகளுள் நன்கு வளர்ந்தவை இரண்டு. குவென்யா பின்லாந்து மொழியையும், சிந்தரின் வேல்ஸ் மொழியையும் ஓசையில் ஒத்தவை. இவை ‘எல்வ்’ எனப்படும் சாவற்ற கற்பனை மாந்தரின் மொழிகள்.

குவென்யாவின் இலக்கணம் தமிழ் மாணவருக்கு அந்நியமாகத் தோன்றாது. பெயர்ச்சொல்லின் இறுதியில் உருபு சேர்ந்து பொருள் வேறுபடுவதை நாம் வேற்றுமை என்கிறோம். குவென்யாவிலும் அவ்வாறே. ‘கிர்யா’ என்பது கப்பல். ‘கிர்யன்னா’ என்றால் கப்பலை நோக்கி. ‘கிர்யல்லோ’ என்றால் கப்பலிலிருந்து. ‘கிர்யஸ்ஸே’ என்றால் கப்பலில். சிந்தரின் மொழியின் பன்மை வேறு வகையானது. அங்கே சொல்லின் உள்ளிருக்கும் உயிரொலி மாறும். ‘அமொன்’ ஒரு குன்று. ‘எமின்’ பல குன்றுகள்.

இவ்விரு மொழிகளும் ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்தவை என அவர் அமைத்தார். மரத்துக்குக் குவென்யாவில் ‘அல்டா’, சிந்தரினில் ‘கலத்’. புத்தகத்துக்கு முன்னதில் ‘பர்மா’, பின்னதில் ‘பர்வ்’. தமிழில் ‘பால்’ என்பது கன்னடத்தில் ‘ஹாலு’ என வருவதுபோல, விதிப்படி அமைந்த ஒலிமாற்றங்கள் இவை.

எழுத்துமுறையிலும் அவர் ஒழுங்கைப் பேணினார். வாயில் ஒலி பிறக்கும் இடத்துக்கும் முறைக்கும் ஏற்ப எழுத்தின் வடிவம் மாறும். உயிரொலிகள் மெய்யெழுத்தின் மேல் இடப்படும் குறிகளாற் காட்டப்படும். நமது உயிர்மெய் எழுத்துகளை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

மொழி ஏன் பிரிந்தது என்பதற்கும் அவர் கதை வைத்திருந்தார். எல்வ் மக்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து மேற்கே சென்றனர். மற்றவர்கள் பழைய நிலத்தில் தங்கினர். நீண்டகாலத்தின் பின் கடல் கடந்தவர்களுட் சிலர் திரும்பி வந்தனர். அவர்கள் தம் உறவினரைக் கொன்றவர்கள் எனப் பழைய நிலத்தின் அரசன் திங்கொல் அறிந்தான். கொலைகாரரின் மொழியைத் தன் மக்கள் பேசக்கூடாது எனத் தடைவிதித்தான். இவ்வாறு குவென்யா வீட்டு மொழி என்னும் நிலையை இழந்து, கல்விக்கும் சடங்குக்கும் உரிய மொழியாயிற்று. மொழி தானாக மாறுவதில்லை. அதனைப் பேசும் மக்களுக்கு நேர்வனவே அதனை மாற்றுகின்றன என்பதை இக்கதை உணர்த்துகின்றது.

1931 இல் ஆற்றிய உரையொன்றில், மொழியை ஆக்குவதும் புராணத்தை ஆக்குவதும் பிரிக்க முடியாத தொழில்கள் என அவர் விளக்கினார். சமென்ஹோவ் என்னும் கண் வைத்தியர் 1887 இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியை ஒருகாலத்தில் ஆதரித்த அவர், அம்மொழியை ஆக்கியவர் அதற்குப் பழங்கதைகளை ஆக்காமையே அதன் குறை எனப் பிற்காலத்திற் கருதினார். எஸ்பெராண்டோ பேசுவோர் பின்னர் தமக்கெனப் பாடல்களையும் இலக்கியத்தையும் வளர்த்துக்கொண்டனர் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

பேராசிரியரும் எழுத்தாளரும்

போரின் பின் 1919 – 1920 காலத்தில் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிப் பணியில் ஈடுபட்டார். பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகத்திற் கற்பித்து, 1925 இல் தமது 33 ஆவது வயதில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். 1959 இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே கற்பித்தார்.

பிள்ளைகள் நால்வர். வருமானம் போதாமையால் கோடை விடுமுறைகளில், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னோடியான பாடசாலைச் சான்றிதழ்ப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்தினார். ஒருமுறை மாணவர் ஒருவர் வெறுமையாக விட்ட பக்கத்தில், நிலத்தின் கீழ் வளையில் வாழும் ‘ஹொபிட்’ ஒன்றைப் பற்றிய வசனத்தை எழுதினார். அந்த வசனமே 1937 இல் ‘த ஹொபிட்’ என்னும் நூலாக வளர்ந்தது. அந்நூலின் தொடர்ச்சியை அவ்வாண்டு டிசெம்பரிலேயே எழுதத் தொடங்கினார். கற்பித்தலுக்கும் இரண்டாம் உலகப் போரின் நெருக்கடிகளுக்கும் இடையே அதனை எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. ‘த லோர்ட் ஒப் த ரிங்ஸ்’ 1954 – 1955 இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

ஆயினும் தம் மொழிகளின் முழு இலக்கணத்தை அவர் ஒருபோதும் முடிக்கவில்லை. இறுதிவரை திருத்திக்கொண்டே இருந்தார். பழங்கதைகளை அவரது மகன் கிறிஸ்தோபர் தொகுத்து 1977 இல் ‘சில்மரில்லியன்’ என வெளியிட்டார்.

முடிவுரை

அக்கதைகளுள் டொல்கினின் மனதுக்கு நெருக்கமானது பெரென், லூதியன் என்போரின் கதை. பெரென் மனிதன், லூதியன் எல்வ் அரசனின் மகள். அவள் தன் சாவற்ற வாழ்வைத் துறந்து அவனுடன் இறக்கச் சம்மதிக்கின்றாள். 1917 இல் ஒரு சிறு காட்டில் எடித் ஆடியதைக் கண்டதிலிருந்து பிறந்த கதை அது.

எடித் 1971 இலும் டொல்கின் 1973 செப்டெம்பர் 2 ஆம் திகதியும் இறந்தனர். ஒக்ஸ்போர்ட் வூல்வர்கோட் இடுகாட்டில் இருவருக்கும் ஒரே கல்லறை. எடித்தின் பெயரின் கீழ் லூதியன் என்றும், டொல்கினின் பெயரின் கீழ் பெரென் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. சிறுவயதில் விளையாட்டாகத் தொடங்கிய சொல்லாக்கம், அவர் மிக நேசித்தவரின் பெயராகவே கல்லில் நிலைத்துவிட்டது. இலக்கணம் ஒரு மொழிக்கு உடம்பு என்றால், அம்மொழி பேசுவோரின் கதைகளே அதற்கு உயிர். டொல்கினின் வாழ்வு நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே.

பயிற்சி வினாக்கள்

1. டொல்கினின் மொழி ஆர்வத்துக்கு இளமையில் வித்திட்ட இரு நிகழ்வுகளைக் குறிப்பிடுக.
2. ‘கலேவலா’ காவியத்திலிருந்து டொல்கின் உணர்ந்த உண்மை யாது?
3. குவென்யாவின் வேற்றுமை அமைப்பைத் தமிழ் வேற்றுமையுடன் ஒப்பிட்டு உதாரணங்களுடன் விளக்குக.
4. அரசன் திங்கொல் விதித்த தடை குவென்யா மொழியின் நிலையை எவ்வாறு மாற்றியது?
5. உமது பாட்டன் அல்லது பாட்டியிடம் நீர் கேட்ட கதையொன்றை எழுதி, அதிலுள்ள, இன்று வழக்கில் அருகிவரும் சொற்களைப் பட்டியலிடுக.