விபுலாநந்த அடிகளாரும் வித்தியாசாலை வாசலும்

பொத்துவிலிலிருந்து கரையோர வீதி வழியே வடக்கு நோக்கிப் போவோர் கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து காரைதீவை அடைவர். அவ்வூருக்குத் தெற்கே நிந்தவூர், வடக்கே சாய்ந்தமருது. இரண்டும் முஸ்லிம் மக்கள் நிறைந்து வாழும் ஊர்கள். இடையிலே கண்ணகி அம்மன் கோயில் கொண்டிருக்கும் காரைதீவில், 1892 ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே, சாமித்தம்பி, கண்ணம்மை என்னும் பெற்றோருக்கு மயில்வாகனன் என்னும் மைந்தர் பிறந்தார். பின்னாளில் தமிழுலகம் கைகூப்பித் தொழுத விபுலாநந்த அடிகளார் அவரே. அம்பாறை மாவட்டம் 1961 இல் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பைச் சேர்ந்தது. ஆகையால் நூல்கள் அடிகளாரை மட்டக்களப்பு மைந்தர் என்றே கூறும். இருந்தாலும் அதே கடற்காற்றை உண்டு வளர்ந்த நாம் அவரை எம்மவர் என்று சொந்தம் கொண்டாடினால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

அடிகளாரின் யாழ் நூல் ஆராய்ச்சியைப் பற்றியும் பன்மொழிப் புலமையைப் பற்றியும் விழா மேடைகளில் ஆண்டுதோறும் பேசப்படுகின்றது. அவற்றை அறியாத இளைஞர் எமது மன்றத்தில் இரார். எனவே அவற்றைச் சுருங்கக் கூறி, மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகின்றோம். பிறப்பைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து இருத்திய ஒரு சமுதாயத்திலே அடிகளார் என்ன செய்தார் என்பதே அது.

மயில்வாகனன் இளமையிலே ஊரில் தமிழும் வடமொழியும் பயின்றார். ஆங்கிலம் கற்கக் கல்முனை மெதடிஸ்த பாடசாலைக்கும், பின்னர் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரிக்கும் போகவேண்டியிருந்தது. முன்னையது புரட்டஸ்தாந்தருடையது, பின்னையது கத்தோலிக்கருடையது. சைவப் பிள்ளைக்கு ஆங்கிலக் கல்வி வேண்டுமானால் அன்று இப்பகுதியில் அதுவே வழி. 1908 இல், பதினாறு வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் அவர் தேறினார். பின்பு ஆசிரியரானார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் கைவந்தது. 1917 முதல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார்.

யாழ்ப்பாணத்திலே கழிந்த அந்த ஆண்டுகளைப் பற்றிச் சிறிது நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். சைவப் பிள்ளைகள் மிஷன் பாடசாலைகளிலே சமயத்தை இழந்துவிடுவார்கள் என்று அஞ்சியே, 1848 இல் ஆறுமுக நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் வழி நின்றோர் ஊர்தோறும் பாடசாலை எழுப்பினர். அந்தப் பணிக்குச் சைவ உலகம் என்றும் கடமைப்பட்டது. ஆனால் அந்தப் பாடசாலைகளின் வாசல் எல்லாச் சைவப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை. தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பல பாடசாலைகளில் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் ஏனைய பிள்ளைகள் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்திலே இருந்து படித்தார்கள். மிஷன் பாடசாலைகளிலும் இவ்வழக்கம் எளிதில் ஒழிந்துவிடவில்லை. இதனை எழுதும்போது கை கூசுகின்றது. எனினும் மலரிலே புகழ் மட்டுமே எழுதவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தாரைக் குறை கூறிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் இயலாது. எம் பகுதியிலும் கோயிலிலே யார் எந்தப் பணி செய்வது, யார் எவ்விடத்தில் நிற்பது என்பன குடிவழி பார்த்தே வகுக்கப்பட்டிருந்தன. ஊருக்கு ஊழியஞ் செய்த குடிகள் ஊர்க்கோயிலின் வெளியிலே நின்றே கும்பிட்டார்கள்.

1922 இல் அதிபர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே சேர்ந்தார் மயில்வாகனனார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசாரியாகி, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். இச்சிவானந்தர் இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடர். விவேகானந்தர் அனுப்ப, 1897 இலேயே இலங்கைக்கு வந்து வேதாந்தம் போதித்தவர்.

1925 இல் அடிகளார் ஈழம் திரும்பினார். யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி எனப் பல பாடசாலைகள் மிஷனின் பொறுப்பில் இருந்தன. காவியுடுத்தவர் கணக்குப் புத்தகத்துடனும் சம்பளப் பட்டியலுடனும் அலையலானார். துறவிக்கு இந்தத் தொல்லை ஏன் என்று கேட்டவர்களும் அன்று இருந்திருப்பார்கள்.

1928 இல் யாழ்ப்பாண இளைஞர் மகாநாடு அடிகளாரைத் தலைவராக அழைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவ்விளைஞர்கள். தீண்டாமையை ஒழிக்க வேண்டும், எல்லாரும் ஒரே பந்தியிலே உண்ணவேண்டும், பாடசாலையிலே எல்லாப் பிள்ளைகளும் சரியாசனத்தில் இருக்கவேண்டும் என்பன அவர்கள் கொள்கைகள். சமயத்தால் அவர்களுள் சைவரும் இருந்தனர், கிறிஸ்தவரும் இருந்தனர். அவர்களின் தலைமை ஆசனத்திலே ஒரு சைவத் துறவி அமர்ந்தது சிறிய காரியமன்று. ஆனால் ஒரு மகாநாட்டினால் ஊர் திருந்திவிடுமா? 1929, 1930 ஆம் ஆண்டுகளில், அரசினர் நன்கொடை பெறும் பாடசாலைகளில் சரியாசனம் கொடுக்கவேண்டும் என்று கல்விப் பகுதியார் வற்புறுத்தியபோது, பிள்ளைகளை மறித்து வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் பலர். சில பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. பக்கத்துப் பிள்ளை வாங்கில் இருப்பதைக் காட்டிலும் பள்ளிக்கூடம் எரிவது மேல் என்று கருதியோர், திருநீறு பூசியவர்களே!

அதே 1929 இலேதான் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. குருநாதர் பெயரையே அடிகளார் அதற்குச் சூட்டினார். தம் இளமைக் காலத்திலே இப்பகுதிச் சைவப் பிள்ளைகளுக்கு இல்லாதிருந்த ஆங்கிலப் பாடசாலை இப்போது கிடைத்தது. தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கு மாணவர் இல்லமும் இருந்தது. சாதி கேட்டுப் பாய் விரிப்பது மிஷனின் வழக்கமன்று. காரைதீவிலே பெண்பிள்ளைகளுக்கும் மிஷன் பாடசாலை அமைந்தது. கோபித்து ஒரு சொல் சொல்லாமல், பிள்ளைகளைப் பிரிக்காத ஒரு பாடசாலையைக் கட்டிக் காட்டிவிடுவது அடிகளாரின் முறை.

1931 இல், தொடங்கி இரண்டே ஆண்டுகளான அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளாரை அழைத்தது. சிதம்பரம் சென்றார். தில்லை என்றவுடன் சைவர்களாகிய எமக்கு நடராசப் பெருமானும் நினைவுக்கு வருவார், திருநாளைப்போவாரும் நினைவுக்கு வருவார். கோயிலுக்குள் போக உரிமையின்றி நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கி நின்ற நந்தனாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் பூசிக்கின்றோம். ஆனால் அடிகளார் அங்கே போன ஆண்டிலே நந்தனாரின் குலத்தவர் அந்தக் கோயிலுக்குள் போக முடியாது. சென்னை மாகாணத்திலே மதுரை மீனாட்சி அம்மன் கோயிற் கதவு அவர்களுக்குத் திறந்ததே 1939 இல்தான். சிதம்பரத்திலே சுவாமி சகஜானந்தர் 1916 இல் நந்தனார் பெயரால் ஒரு பாடசாலை தொடங்கி அப்பிள்ளைகளுக்குக் கல்வியூட்டி வந்தார்.

பல்கலைக்கழகத்தை அடுத்து இருப்பது திருவேட்களம். தேவாரம் பெற்ற தலம். அங்கே ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் சேரி ஒன்று இருந்தது. பகலிலே பட்டதாரி வகுப்புகளில் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் விளக்கிய பேராசிரியர், மாலையானதும் அந்தச் சேரியை நோக்கி நடந்தார். சேரிப் பிள்ளைகளை அருகில் இருத்தி எழுத்தும் எண்ணும் கற்பித்தார். பேராசிரியர் போவதைக் கண்டு பல்கலைக்கழக மாணவரும் உடன் போகத் தலைப்பட்டனர். அக்காலத்திலே பண்டிதர் பலர் பாரதியாரைப் புலவரென்றே ஒப்பவில்லை. அந்தப் பாரதியாரின் பாடல்களையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய் மாணவருக்குச் சுவை காட்டியவர் அடிகளார். வெளியில் நிறுத்தப்பட்ட புலவனை உள்ளே அழைத்தவர், வெளியில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளிடம் தாமே போனார்.

தாமே போனார் என்பதை நாம் வேண்டுமென்றே அழுத்தி எழுதுகின்றோம். பல்கலைக்கழக மண்டபத்திலே இலவச வகுப்பு நடைபெறும், எல்லாரும் வரலாம் என்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். சேரியிலிருந்து ஒரு பிள்ளையும் வந்திருக்கவும் மாட்டாது. தலைமுறை தலைமுறையாக வராதே என்று கேட்டுப் பழகிய செவிக்கு வரலாம் என்ற சொல் எளிதில் ஏறாது.

இவ்விடத்தில் எம் மன்றத்தின் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நாம் கோயில் மண்டபத்திலே மாலை வகுப்புத் தொடங்கியபோது, யாரும் வரலாம் என்று ஒலிபெருக்கியிலே சொன்னோம். ஊரின் ஓரத்தில் உள்ள குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. அழைத்தும் வருகிறார்களில்லையே என்று கூட்டத்திலே பல முறை குறைப்பட்டோம். ஏன் வரவில்லை என்று கேட்க எம்மில் ஒருவரும் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகவில்லை. ஒலிபெருக்கி போன தூரம் நாம் போகவில்லை.

1933 இல் அடிகளார் பல்கலைக்கழகப் பதவியை விட்டு ஈழம் மீண்டார். 1939 முதல் இமயமலைச் சாரலிலே மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராயிருந்தார். 1941 இல் மட்டக்களப்புக்குத் திரும்பிவந்தார். அப்போது உலக யுத்தம். அரிசிப் பஞ்சம் நாட்டை வாட்டியது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அசீஸ் அவர்கள். இலங்கைச் சிவில் சேவையிலே சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். வண்ணார்பண்ணையிலே பிறந்து, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். நாவலர் பிறந்த மண்ணிலே, இந்துப் பாடசாலை வாங்கில், ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்து படித்தது. அந்தக் கதவு அன்று மூடியிருந்தால் பின் நடந்தவை நடந்திருக்குமா என்பதை வாசகரே எண்ணிப்பார்க்கட்டும்.

கல்முனையிலே அசீஸ் அவர்களுக்கு அடிகளாரின் நட்புக் கிடைத்தது. கல்வியே ஒரு சமூகத்தைத் தூக்கி நிறுத்தும் என்பதை அடிகளாரின் வாழ்விலே அவர் கண்டார். இக்கரையோர முஸ்லிம் ஊர்களிலே வயலும் வாணிபமும் இருந்தும் உயர்கல்வி பெற்றோர் மிகச் சிலராயிருந்த காலம் அது. 1942 இலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1945 இல் ஏழை முஸ்லிம் மாணவரின் உயர்கல்விக்காக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அசீஸ் அவர்கள் நிறுவினார். 1948 இல் சிவில் சேவையையே துறந்து கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அடிகளார் தமக்கு ஊட்டிய உணர்வைப் பற்றி அவர் பின்னாளில் நன்றியோடு எழுதியும் இருக்கின்றார். இந்துத் துறவியின் விளக்கிலிருந்து ஒரு முஸ்லிம் பெருமகன் தம் விளக்கை ஏற்றிக்கொண்டார். இரு விளக்குகளிலும் எரிந்தது தமிழ் நெய்தான். இன்று இக்கரையோரத்திலே தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறாக இருக்கின்றன. ஒரே மொழியிலே பாடம் படிக்கும் பிள்ளைகள், விளையாட்டுப் போட்டியில் எதிரெதிர் அணியாக மட்டுமே சந்திக்கின்றார்கள். முப்பது ஆண்டு யுத்தம் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கிற்று. இரு பக்கத்துப் பெரியோரும் இந்த நட்பின் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னால் நலம்.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார் அடிகளார். பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், 1947 ஆனியிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நோயுற்ற உடம்போடு ஊர் திரும்பியவர், அவ்வாண்டு யூலை 19 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலே, பாடசாலை மணியோசை கேட்கும் தூரத்திலே, அவரது சமாதி அமைந்துள்ளது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றபோது மிஷனின் பாடசாலைகளும் அரசின் வசமாயின. மாணவர் இல்லங்களை மிஷன் தொடர்ந்து நடத்தியது.

இக்கட்டுரைக்காகக் குறிப்புகள் சேர்க்கத் தொடங்கிய பின்னர், எமது செயற்குழு ஒரு தீர்மானம் எடுத்தது. இவ்வாண்டு அடிகளார் நினைவு நாள் தொடக்கம், மாலை வகுப்புகளில் வாரத்துக்கு ஒன்று, ஊர் ஓரத்துக் குடியிருப்பிலேயே, அங்குள்ள பெரியவர் ஒருவர் தர இசைந்த முற்றத்திலே நடைபெறும். கேட்கப் போனபோது அவர் எமக்குத் தேநீர் தந்தார். குடித்துவிட்டு வந்தோம். கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கக்கூடிய அங்கத்தவர் இன்னும் இருவர் தேவை. விரும்புவோர் தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கவும்.