நடுவரை நம்பாத உலக சாம்பியன்: ஓய்வு பெற்ற பிறகும் மேடைக்கு இழுத்து வந்த வரிக்கடன்!

பெரியநாயக்கன்பாளையத்தில் இரண்டு விதமான ஆட்களைத் தினமும் பார்க்கலாம். ஒருவர் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் போன்ற தொழிற்சாலைகளில் 'ஷிப்டு' முடித்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்சுக்கு நிற்பவர். இன்னொருவர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவின் மாருதி உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு, விசிலும் கையுமாக மைதானத்துக்குப் போகிறவர்.

முதல் ஆளுக்கு ஒரு கவலை. வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? இரண்டாவது ஆளுக்கும் ஒரு கவலை. ஒருதலைப்பட்சம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே!

இந்த இரண்டு கவலையும் சேர்ந்து ஒரே மனிதரைப் பாடாய்ப் படுத்தின. அவர் பெயர் ஜோ லூயிஸ். உலக 'ஹெவி வெயிட்' குத்துச்சண்டை சாம்பியன். 1937 முதல் 1949 வரை பட்டத்தை விட்டுக் கொடுக்காதவர். அதற்கு முன்னால் அவரும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிதான்!

வயலின் காசில் குத்துச்சண்டை

ஜோ லூயிஸ் 1914 மே 13-ந் தேதி அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். கறுப்பர் குடும்பம். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்து பிழைத்தார்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் மனநோய் விடுதிக்குப் போய்விட்டார்.

1926-ல் குடும்பம் பிழைப்புத் தேடி டெட்ராயிட் நகருக்கு வந்தது. மோட்டார் கார் தயாரிக்கும் ஊர். லூயிஸ் கொஞ்ச நாள் போர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

மகன் வயலின் கற்க வேண்டும் என்று தாயாருக்கு ஆசை. காசும் கொடுத்தார். மகன் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காசைக் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டிவிட்டார்!

1932-ல் முதல் அமெச்சூர் சண்டை. பலமுறை கீழே விழுந்தார். தோல்வி. ஆனால் ஆள் அசரவில்லை. மொத்தம் 54 அமெச்சூர் சண்டைகளில் 50-ல் ஜெயித்தார்.

1934 ஜூலை 4-ந் தேதி சிகாகோவில் தொழில்முறை வீரராக மேடை ஏறினார். முதல் ரவுண்டிலேயே எதிராளி அவுட். கூலி 59 டாலர்.

பயிற்சியாளர் சொன்ன பாடம்

அவருடைய பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன். அவரும் கறுப்பர், பழைய குத்துச்சண்டைக்காரர். நடுவர்களால் பட்ட அடி அவருக்கு நன்றாகத் தெரியும்.

சிஷ்யனிடம் ஆரம்பத்திலேயே விஷயத்தை உடைத்துச் சொன்னார். மேடையைச் சுற்றி உட்கார்ந்து மார்க் போடுகிறவர்கள் வெள்ளையர்கள். கறுப்பு வீரர் பாயிண்டில் ஜெயிக்கலாம் என்று கனவு காணக்கூடாது. எதிராளியைத் தரையில் படுக்க வைத்துவிட்டால், எந்த ஜட்ஜாலும் தீர்ப்பை மாற்ற முடியாது. இதுதான் பாடம்.

லூயிஸ் அதை வேதவாக்காக எடுத்துக் கொண்டார். தொழில்முறையில் 66 சண்டைகளில் ஜெயித்தார் என்றால், அதில் 52 'நாக்-அவுட்'!

22 ஆண்டுப் பூட்டு

அந்த நாளில் கறுப்பு வீரருக்கு ஹெவி வெயிட் பட்டத்துக்கு மோதவே வாய்ப்புக் கிடையாது. ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் 1908 முதல் 1915 வரை சாம்பியனாக இருந்தார். வெள்ளையரை அடித்துவிட்டுச் சிரிப்பார். வெள்ளைக்காரப் பெண்களுடன் சுற்றுவார். அவர் தோற்றதும் கதவைச் சாத்திவிட்டார்கள். 22 ஆண்டு அது திறக்கவில்லை.

அதனால் லூயிசுக்கு மேனேஜர்கள் பல கட்டுப்பாடுகள் போட்டார்கள். விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்ணுடன் போட்டோ எடுக்கக் கூடாது. 'பிக்சிங்' சண்டை கூடவே கூடாது.

1937-ல் ஒருவழியாகக் கதவு திறந்தது. சும்மா திறக்கவில்லை, பாருங்க! சாம்பியனாக இருந்த பிராடக் தரப்புக்கு, தோற்றாலும் 10 ஆண்டுகளுக்கு லாபத்தில் 10 சதவீதம் தருவதாக பேரம் பேசிய பிறகே திறந்தது.

1937 ஜூன் 22. சிகாகோ. முதல் ரவுண்டில் லூயிஸ் கீழே விழுந்தார். எழுந்தார். எட்டாவது ரவுண்டில் பிராடக்கை வீழ்த்தினார். வயது 23. உலக சாம்பியன்!

பணம் வந்ததும் அவர் செய்த ஒரு காரியம் ஊரையே அசர வைத்தது. வறுமையில் குடும்பம் வாங்கிய அரசு நிவாரணப் பணத்தை எண்ணித் திருப்பிக் கட்டிவிட்டார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் பிற்பாடு கடன் துரத்தியது.

124 வினாடி

1936-ல் ஜெர்மனி வீரர் மாக்ஸ் ஸ்மெலிங், லூயிசை 12-வது ரவுண்டில் வீழ்த்தியிருந்தார். 1938 ஜூன் 22-ந் தேதி மறு மோதல். நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் சுமார் 70 ஆயிரம் பேர். ஹிட்லரின் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் நடக்கும் சண்டை போலவே உலகம் பார்த்தது.

124 வினாடியில் எல்லாம் முடிந்தது! மார்க் போட ஜட்ஜுகளுக்கு வேலையே வைக்கவில்லை.

1941-ல் பில்லி கான் என்ற வீரர் லூயிசுக்குத் தண்ணி காட்டினார். எடை குறைவு, ஆனால் மின்னல் வேகம். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று மார்க் சீட்டுகளில் இரண்டில் கான் முன்னிலை. ஒன்றில் சமம். மீதி மூன்று ரவுண்டையும் ஓடியே கழித்திருந்தால் பட்டம் கானுக்கு. அவரோ 'நாக்-அவுட்' செய்யும் ஆசையில் நெருங்கி வந்தார். 13-வது ரவுண்டில் லூயிஸ் அவரைப் படுக்க வைத்தார். பிளாக்பர்ன் சொன்ன பாடம் அன்றைக்கும் கை கொடுத்தது.

ஜட்ஜுகள் காப்பாற்றிய இரவு

1947 டிசம்பர் 5. லூயிசுக்கு வயது 33. எதிராளி ஜெர்சி ஜோ வால்காட், அவரும் கறுப்பரே. வால்காட் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஆளே இல்லை.

நடந்தது என்ன? முதல் ரவுண்டில் லூயிஸ் கீழே விழுந்தார். நான்காவது ரவுண்டில் மறுபடியும் விழுந்தார். 15 ரவுண்டு முடிந்ததும், தீர்ப்பைக் கேட்காமலேயே மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். பிடித்து நிறுத்தினார்கள்.

அந்தக் காலத்தில் நியூயார்க்கில் மேடை நடுவரும் இரண்டு ஜட்ஜுகளும் மார்க் போடுவார்கள். எந்த ரவுண்டு யாருக்கு என்று எழுதுவார்கள். அவ்வளவுதான்.

நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன், வால்காட்டுக்கு 7 ரவுண்டு, லூயிசுக்கு 6 ரவுண்டு, 2 ரவுண்டு சமம் என்று எழுதினார். ஜட்ஜ் ஒருவர் லூயிசுக்கு 9-6 என்றார். இன்னொருவர் லூயிசுக்கு 8-6, ஒன்று சமம் என்றார். இரண்டுக்கு ஒன்று. பட்டம் லூயிசுக்கே!

ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். லூயிசே வால்காட்டிடம் வருத்தம் தெரிவித்ததாகச் சொல்வார்கள். நடுவரை நம்பாதே என்று பாடம் படித்தவரை, அன்றைக்கு ஜட்ஜுகள்தான் காப்பாற்றினார்கள்.

ஜட்ஜுகளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கடைசி ரவுண்டுகளில் வால்காட் ஜெயித்தாச்சு என்று பின்வாங்கிக் கொண்டே இருந்தார். லூயிஸ் முன்னேறிக் கொண்டே இருந்தார். துரத்துகிறவருக்கு மார்க்கா, சுத்தமாக அடித்துவிட்டு விலகுகிறவருக்கு மார்க்கா? இந்த வழக்கு இன்றைக்கும் தீரவில்லை.

இப்போது நடைமுறை வேறு. ரவுண்டில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, ஒருமுறை விழுந்து தோற்றால் 8. அந்தப் பழைய சீட்டுகளை இப்படிக் கூட்டிப் பாருங்கள். லூயிஸ் விழுந்த இரண்டு ரவுண்டும் மூன்று சீட்டிலும் வால்காட்டுக்கே போனதாக வைத்துக் கொள்வோம். நடுவர் சீட்டில் வால்காட் 144-141. ஒரு ஜட்ஜிடம் லூயிஸ் 142-141. இன்னொரு ஜட்ஜிடம் 142-142. ஆளுக்கு ஒன்று, ஒன்று சமம். சண்டை 'டிரா'!

டிரா என்றாலும் பட்டம் சாம்பியனிடமே இருக்கும். வால்காட்டுக்குக் கிரீடம் கிடைத்திருக்காது. ஆனால் தோற்றவர் என்ற பெயரும் வந்திருக்காது.

ஓய்வும் வரி நோட்டீசும்

1948 ஜூன் 25-ந் தேதி வால்காட்டுடன் மறுபடியும் மோதினார். 11-வது ரவுண்டில் வீழ்த்தி, சந்தேகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். 1949 மார்ச் 1-ந் தேதி ஓய்வை அறிவித்தார். 25 முறை பட்டத்தைக் காத்த சாதனையோடு வெளியேறினார். கவுரவமான முடிவு.

ஆனால் அதை முடிவாக இருக்க விடவில்லை வருமான வரி இலாகா!

1942-ல் போர் நேரம். லூயிஸ் சாதாரண சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டு சண்டைகளின் சம்பளத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். சிப்பாய்களுக்காக 96 காட்சிச் சண்டைகள் போட்டார். ஆனால் நிதிக்குக் கொடுத்த பணத்தையும் அவருடைய வருமானமாகவே கணக்கில் எழுதினார்கள்.

போருக்குப் பின் பெரிய வருமானத்துக்கு அங்கே வரி 100 டாலருக்கு 80, 90 டாலர் வரை போனது. லூயிசின் சண்டைகளில் வசூலான பங்கு சுமார் 46 லட்சம் டாலர். அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம் மட்டுமே. மீதியை மேனேஜர்களும் மற்றவர்களும் பிரித்துக் கொண்டார்கள். அவருக்கும் கை ஓட்டை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், தொடங்கிய வியாபாரத்தில் நஷ்டப்பட்டார்.

வரிப் பாக்கி 5 லட்சம் டாலரைத் தாண்டியது. வட்டி குட்டி போட்டது. அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். மறுபடியும் கையுறை மாட்டினார்.

1950 செப்டம்பர் 27. வயது 36. எஸார்ட் சார்லஸ் என்பவரிடம் 15 ரவுண்டு அடி வாங்கிப் பாயிண்டில் தோற்றார். அப்போதும் நிறுத்த முடியவில்லை. 1951 அக்டோபர் 26-ந் தேதி, 28 வயது ராக்கி மார்சியானோ அடித்த அடியில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார். ஜெயித்த மார்சியானோவே கலங்கிப் போனார். அவர் லூயிசின் ரசிகர்!

மார்சியானோ 49 சண்டைகளிலும் தோற்காமல் 1956-ல் 32 வயதில் விலகினார். மறுபடி மேடை ஏறவே இல்லை. 1969-ல் விமான விபத்தில் இறந்தார்.

லூயிசோ 1956-ல் காசுக்காக மல்யுத்த மேடை ஏறினார். அதில் நெஞ்சில் அடிபட்டது. 1960-களில்தான் வரி இலாகா இறங்கி வந்து, நடப்பு வருமானத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று விட்டது.

அவரே நடுவரானார்

1974 ஜூன் 17-ந் தேதி ஜோ பிரேசியரும் ஜெரி குவாரியும் மோதினார்கள். மேடை நடுவர் யார் தெரியுமா? ஜோ லூயிஸ்!

குவாரிக்கு முகம் கிழிந்தது. ரத்தம் கொட்டியது. சண்டையை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் தொடர விட்டார் என்று லூயிஸ் மீதே பழி வந்தது. ஐந்தாவது ரவுண்டில்தான் நின்றது. விசில் கையில் இருக்கிறவரின் கஷ்டம் அன்றைக்கு அவருக்கும் புரிந்திருக்கும்.

சென்னைக்கு வந்த முகமது அலியை நம் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980 ஜனவரியில் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். அப்போது அவர் ஓய்வை அறிவித்து முடித்தவர். அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி மறுபடி மேடை ஏறி, லாரி ஹோம்சிடம் படுதோல்வி அடைந்தார். நடந்த இடம் லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸ். அங்கேதான் லூயிஸ், வரும் வாடிக்கையாளர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை பார்த்து வந்தார்.

1977-ல் இருதய ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான் கதி. 1981 ஏப்ரல் 11-ந் தேதி அதே சீசர்ஸ் பேலசில் ஹோம்சின் பட்டச் சண்டையை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் மாரடைப்பில் இறந்தார். வயது 66.

ராணுவ வீரர்களுக்கான ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்ய விதி இடம் தரவில்லை. ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தினார். சவ அடக்கச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவர், 124 வினாடியில் அவரிடம் அடி வாங்கிய ஸ்மெலிங்!

மார்க் போடும் முறையை மாற்றிவிட்டார்கள். இன்றைக்குத் தொழில்முறைப் பட்டச் சண்டைகளில் மேடை நடுவர் மார்க் போடுவதில்லை. மேடைக்கு வெளியே மூன்று ஜட்ஜுகள் போடுகிறார்கள். குறை இன்னும் இருக்கிறது, ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது.

ஜோ லூயிசின் காலத்தில் குத்துச்சண்டைக்காரரின் ஓய்வுக்குத்தான் விதி வரவில்லை. மெஷின் ஒர்க்ஸ் தொழிலாளிக்குச் சம்பளத்தில் மாதாமாதம் பி.எப். பிடிக்கிறார்கள். பிடிக்கும்போது கசக்கத்தான் செய்யும். 25 முறை உலகப் பட்டத்தைக் காத்த ஜோ லூயிசுக்கு அப்படிப் பிடித்து வைக்க ஆள் இல்லை.